குரோவ் பார்க் உதவிக் குருவின் அடக்கம்

லூயிஷாம் என்றதும் இலண்டன் தமிழர் பலருக்குக் கிளாரண்டன் ரைஸ் தெருவிலுள்ள சிவன் கோவில்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து தெற்கே போனால், கவுன்சிலின் எல்லை முடியப்போகிற இடத்தில் குரோவ் பார்க் இருக்கிறது. ஒரு ரயில் நிலையம், சில கடைகள், வரிசை வீடுகள், பாரிங் சாலையில் புனித அகுஸ்தீன் ஆங்கிலிக்கன் ஆலயம். ஊர்ப் பெருமை என்று சொல்ல வேண்டுமானால், ரயில்வே சிறுவர்களைப் பற்றிப் புகழ்பெற்ற கதை எழுதிய ஈடித் நெஸ்பிட் இங்கே சில ஆண்டுகள் குடியிருந்தார். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1972 முதல் 1975 வரை, அந்த ஆலயத்தில் ஒருவர் சம்பளமில்லாத உதவிக் குருவாக ஊழியம் செய்தார். குட்டையான உருவம், பெரிய சிரிப்பு, கையில் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட். வாரநாள்களில் பக்கத்து ப்ரோம்லியில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமைகளில் பீடம். பெயர் டெஸ்மண்ட் டூட்டூ.

2022 ஜனவரி 1 அன்று கேப்டவுன் புனித ஜார்ஜ் பேராலயத்தில் அவருக்கு அடக்க ஆராதனை நடந்தது. லெசோத்தோ மன்னர் மூன்றாம் லெட்சி வந்திருந்தார். அயர்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் வந்திருந்தார். நெல்சன் மண்டேலாவின் மனைவி கிராசா மஷேல், முன்னாள் அதிபர் தாபோ எம்பெக்கி, தலாய் லாமாவின் பிரதிநிதி என்று வரிசை நீண்டது. நிறவெறி ஆட்சியின் கடைசி அதிபர் எஃப்.டபிள்யூ. டி கிளர்க் ஏழு வாரங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அவருடைய மனைவி எலீட்டாவும் அந்த வரிசைகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி காணொளியில் பேசினார். அதிபர் சிரில் ராமபோசா இரங்கல் உரை ஆற்றிவிட்டு, மடித்த தேசியக் கொடியை டூட்டூவின் மனைவி லியாவின் கையில் கொடுத்தார்.

இவ்வளவு பேருக்கும் நடுவில் இருந்தது கயிற்றுப் பிடி வைத்த பைன் மரப் பெட்டி. கிடைப்பதிலேயே மலிவான பெட்டி போதும், ஆடம்பரம் கூடாது, பூ என்றால் குடும்பத்தார் வைக்கும் ஒரு கொத்துக் கார்னேஷன் மட்டும் என்று அவரே சொல்லி வைத்திருந்தார்.

நம் ஊர்ச் சாவு வீடுகளில் எட்டாம் நாள் வரை ஓயாத பேச்சு ஒன்று உண்டு: யார் வந்தார்கள், யார் வரவில்லை. வராதவர் பெயர் வந்தவர் பெயரைவிட நெடுநாள் நினைவில் நிற்கும். உலகத் தலைவர்கள் கூடும் அடக்கங்களிலும் நடப்பது அதுதான், பாதுகாப்புப் படையும் தொலைக்காட்சியும் மட்டும் கூடுதல். டூட்டூ இதை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர். அவருடைய பொதுவாழ்வின் பெரும்பகுதி பிறர் அடக்கங்களில் கழிந்தது. அவற்றில் பல, அரசு ஆள் அனுப்பாத அடக்கங்கள். ஆள் அனுப்பினால் அது துப்பாக்கி பிடித்த ஆளாக இருக்கும்.

டூட்டூ 1972இல் இலண்டனுக்கு வந்தது முதல் தடவை அல்ல. 1962இல் கிங்ஸ் கல்லூரியில் இறையியல் படிக்கக் குடும்பத்தோடு வந்து, கோல்டர்ஸ் கிரீனில் தங்கி அங்குள்ள ஆலயத்தில் ஊழியம் செய்தார். அந்த நாள்களைப் பற்றி அவரே பிற்பாடு சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை ஒன்று உண்டு. இரவில் அவரும் லியாவும் நடந்து போவார்கள். வழி தெரிந்திருந்தும் போலீஸ்காரரிடம் போய் வழி கேட்பார்கள். ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் தம்மை 'ஐயா' என்று மரியாதையாகக் கூப்பிடுவதைக் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சொந்த ஊரில் அதே உடுப்புக்காரர் கேட்பது, கறுப்பர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகம்.

1972இல் இரண்டாம் முறை வந்தது வேலைக்காக. உலகத் திருச்சபைகள் மன்றத்தைச் சேர்ந்த இறையியல் கல்வி நிதியம், ஏழை நாடுகளின் குருமடங்களுக்குப் பணம் கொடுத்து வந்தது. தைவான்காரரான ஷோக்கி கோ அதன் தலைவர். ஆப்பிரிக்காவுக்கான துணை இயக்குநராக டூட்டூவை அழைத்தார்கள். தென்னாப்பிரிக்க அரசு முதலில் வெளியே விட மறுத்தது. ஒரு கறுப்பர் இப்படிப்பட்ட பதவியில் உட்காருவது நாட்டுக்கு நல்ல விளம்பரம்தானே என்று டூட்டூ வாதாடிய பிறகு இறங்கி வந்தது. அந்த அரசு ஒரு பாதிரியாரின் கிண்டலைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்ட தருணங்களில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நிதியத்தின் அலுவலகம் ப்ரோம்லியில். குடும்பம் குடியேறியது குரோவ் பார்க்கில். வேலை என்னவோ பெட்டியும் கையுமாக ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றுவது. மொபுட்டுவின் சயீரில் ஊழலையும் வறுமையையும், உகாண்டாவில் இடி அமீன் ஆசியர்களைத் துரத்தியதையும், நைஜீரியாவில் பயாஃப்ரா போருக்குப் பிந்தைய இபோ மக்களின் மனக்கசப்பையும் நேரில் பார்த்துவிட்டுத் திரும்புவார். திரும்பியதும் ஞாயிறு காலை பாரிங் சாலையில் நற்கருணை. பங்கு மக்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்களுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுக்கிறவர், நோயாளி வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறவர். நிறம் பார்த்து இருக்கை ஒதுக்கும் நாட்டில் பிறந்தவருக்கு, ஒரு சாதாரணப் பங்கில் சாதாரண உதவிக் குருவாக இருப்பதே பெரிய அனுபவம். லூயிஷாம் கவுன்சில் பின்னாளில் அவருக்கு நகர உரிமைக் கௌரவம் வழங்கியது.

1975இல் ஜோகன்னஸ்பர்க் புனித மரியாள் பேராலயத்தின் டீன் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவியில் முதல் கறுப்பர். டீனுக்குரிய மாளிகை வெள்ளையர் வாழும் ஹோட்டனில் இருந்தது. அவர் அங்கே போகாமல் சொவேட்டோவின் ஆர்லண்டோ வெஸ்டில் குடியேறினார். மறு ஆண்டே லெசோத்தோவின் ஆயர் ஆனார்.

லெசோத்தோவில் இருந்தபோதுதான் முதல் பெரிய அடக்கம் அவரைத் தேடி வந்தது. 1977 செப்டம்பர் 12 அன்று கறுப்பு உணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீகோ போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார். வயது 30. செப்டம்பர் 25 அன்று கிங் வில்லியம்ஸ் டவுன் விளையாட்டரங்கில் அடக்க ஆராதனை. போலீஸ் வழியெங்கும் மறித்து ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பியும், ஏறத்தாழ 20,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். 13 நாடுகளின் தூதரக அதிகாரிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்கம் செய்தவர்களில் ஒருவர் டூட்டூ. தென்னாப்பிரிக்க அரசுக்கு அன்று ஒன்று புரிந்திருக்கும்: கூட்டத்தைத் தடை செய்யலாம், கட்சியைத் தடை செய்யலாம், செத்தவரைப் புதைக்காமல் இருக்க முடியாது. பிணம் இருக்கும் இடத்தில் கூட்டம் இருக்கும், கூட்டம் இருக்கும் இடத்தில் பேச்சு இருக்கும், வெளிநாட்டான் கேட்டுக்கொண்டிருப்பான்.

அதே ஆண்டில் டூட்டூவின் பழைய லூயிஷாமும் சூடாக இருந்தது. பீகோ இறப்பதற்கு ஒரு மாதம் முன், ஆகஸ்ட் 13 அன்று, இனவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் நியூ கிராஸிலிருந்து லூயிஷாம் நோக்கி ஊர்வலம் கிளம்பியது. ஊரே திரண்டு மறித்தது. அன்று காலை நடந்த அமைதி ஊர்வலத்தில் சதர்க் ஆயர் மெர்வின் ஸ்டாக்வுட் கலந்துகொண்டார். குரோவ் பார்க் ஆலயம் அவருடைய மறைமாவட்டத்தில்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் தென்னாப்பிரிக்க நகர்ப்புறச் சேரிகளில் சனிக்கிழமைதோறும் அடக்கம் என்றாகிவிட்டது. ஓர் அடக்கத்தில் போலீஸ் சுட, அடுத்த வாரம் அதில் விழுந்தவர்களுக்கு அடக்கம். 1984இல் நோபல் பரிசு வாங்கி, ஜோகன்னஸ்பர்க் ஆயராகியிருந்த டூட்டூ, ஊதா அங்கியோடு இவற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். 1985 ஜூலை 10 அன்று டுடூசாவில் நான்கு இளைஞர்களின் அடக்கம் முடிந்த கையோடு, கூட்டம் ஒருவரைப் போலீஸின் உளவாளி என்று சொல்லிப் பிடித்துக்கொண்டது. அடித்துச் சாய்த்து, உயிரோடு எரிக்கத் தயாரானது. டூட்டூவும் உடனிருந்த ஆயர் சிமியன் எங்கோவானேயும் கூட்டத்துக்குள் பாய்ந்து, இரத்தம் வடிய அந்த மனிதரை இழுத்து ஒரு காரில் ஏற்றி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து, ஜூலை 20 அன்று, அதே டுடூசாவில் இன்னோர் அடக்கத்தில் ஓர் இளம்பெண்ணை அதே சந்தேகத்தில் எரித்துக் கொன்றார்கள், தொலைக்காட்சி கேமராவின் முன்னால். இப்படியே போனால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டை விட்டே போய்விடுவேன் என்று டூட்டூ அடுத்த அடக்கக் கூட்டத்தில் முகத்துக்கு நேரே எச்சரித்தார். அரசைத் திட்டினால் கைதட்டும் கூட்டம் அது. அதைத் திட்டுவதற்கு வேறு மாதிரித் துணிச்சல் வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் அரசு சாவுக்கே சட்டம் போட்டது. அவசர நிலைப் பகுதிகளில் திறந்தவெளியில் அடக்க ஆராதனை கூடாது. ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் அடக்கம் செய்யலாம். கொடி கூடாது, பதாகை கூடாது. இடுகாட்டுக்கு நடந்து போகக் கூடாது, வண்டியில்தான் போக வேண்டும். குருப்பட்டம் பெற்றவர்கள் மட்டுமே பேசலாம், அதுவும் அரசியல் பேசாமல். இந்தக் கடைசி விதியை எழுதிய அதிகாரி டூட்டூ ஒரு குரு என்பதை மறந்துவிட்டார் போலும். சில நாள்களில் டேவிட்டனில் ஓர் இளம்பெண்ணின் அடக்கம். ஒரு பக்கம் கவச வண்டிகள், மறுபக்கம் நடந்தே போவோம் என்று நின்ற இளைஞர்கள். டூட்டூ நடுவில் நின்று இரு பக்கமும் பேசினார். கடைசியில் பேருந்துகள் வந்தன, கூட்டம் ஏறிக்கொண்டது, அன்று யாரும் சாகவில்லை.

1993 ஏப்ரலில் கம்யூனிஸ்டுத் தலைவர் கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றது. சொவேட்டோ விளையாட்டரங்கம் கொள்ளாத கூட்டத்தில் டூட்டூ நடத்திய அடக்க ஆராதனையை அன்று உலகமே பார்த்தது. நாமெல்லாம் கடவுளின் பிள்ளைகள், கறுப்பரும் வெள்ளையரும், என்று அவர் சொல்லச் சொல்ல, கொலையின் கோபத்தில் வந்திருந்த கூட்டம் கையை ஆட்டித் திருப்பிச் சொன்னது. மறு ஆண்டு தேர்தல் நடந்தது.

அடக்கங்களில் இவ்வளவு தேர்ந்தவருக்கே ஒருமுறை அடக்கத்துக்கு அழைப்பு வரவில்லை. நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் பக்கத்து முறை. அரசு மரியாதையோடு நடக்கும் சாவில் இந்த முறை செல்லாது, அங்கே பெயர்ப்பட்டியல் வேண்டும். 2013 டிசம்பர் 10 அன்று மண்டேலாவுக்கான நினைவுக் கூட்டத்தில், மழையில், உலகத் தலைவர்கள் முன்னிலையில் டூட்டூதான் கடைசி ஆசீர் சொன்னார். ஒபாமா ரவுல் காஸ்ட்ரோவின் கையைக் குலுக்கியதும், அப்போதைய அதிபர் ஜேக்கப் சூமாவைக் கூட்டம் கூவி அவமதித்ததும், மேடையில் நின்ற சைகை மொழிபெயர்ப்பாளர் அர்த்தமில்லாமல் கையை ஆட்டியதும் அந்தக் கூட்டத்தில்தான். கடைசியில் பேசிய டூட்டூ, நீங்கள் அமைதியானால்தான் ஆசீர் என்று பிள்ளைகளை மிரட்டும் வாத்தியார்போல அரங்கத்தையே அடக்கினார். ஆனால் ஐந்து நாள் கழித்துக் குனூ கிராமத்தில் நடக்கவிருந்த அடக்கத்துக்குத் தமக்கு அழைப்பு இல்லை, அழையாத இடத்துக்குப் போகமாட்டேன் என்று அறிக்கை விட்டுப் பயணத்தை ரத்து செய்தார். அந்த ஆண்டுதான் ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கு இனி ஓட்டுப் போடமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். பட்டியலில் பெயர் இருந்ததே என்று அரசு பதறி விளக்கியது. டூட்டூ போனார்.

இதே அரசு, அவருடைய 80ஆம் பிறந்தநாளுக்கு 2011இல் தலாய் லாமா வர விசா தராமல் இழுத்தடித்த அரசும்கூட. சீனாவுக்கு மனம் கோணக் கூடாது என்ற கவலை. டூட்டூ அப்போது பத்திரிகையாளர்கள் முன் கொதித்தார். அந்தப் பின்னணியில் பார்த்தால், பத்தாண்டு கழித்து அவருடைய பெட்டிக்கு முன் தலாய் லாமாவின் பிரதிநிதி உட்கார்ந்திருந்ததும், அரசின் சார்பில் ராமபோசா பேசியதும் வெறும் சம்பிரதாயம் அல்ல.

ரோம் நகரில் போப்பின் அடக்கம் என்றால் இந்த இருக்கைக் கணக்கு ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. நாடுகளின் பெயரைப் பிரெஞ்சு அகரவரிசையில் வைத்து உட்கார வைப்பார்கள். 2005 ஏப்ரல் 8 அன்று இரண்டாம் ஜான் பால் அடக்கத்துக்கு ரோவன் வில்லியம்ஸ் போனார். போப் ஒருவரின் அடக்கத்தில் கலந்துகொண்ட முதல் கான்டர்பரி பேராயர் அவர். இளவரசர் சார்லஸ் தமது கல்யாணத்தையே ஒரு நாள் தள்ளிப்போட்டுவிட்டுப் போய், அங்கே ஜிம்பாப்வேயின் முகாபே நீட்டிய கையைக் குலுக்கிவிட்டு ஊரில் வசை வாங்கினார். இஸ்ரேல் குடியரசுத் தலைவர் கட்சாவ், ஈரானின் கதாமியோடு கை குலுக்கிப் பேசினேன் என்றார். கதாமி இல்லவே இல்லை என்றார். 2025 ஏப்ரல் 26 அன்று போப் பிரான்சிஸின் அடக்கத்தில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இருந்தார். ஆனால் மறுநாள் நாளிதழ்களில் வந்தது, பேராலயத்துக்குள் இரண்டு நாற்காலிகளில் தலைகள் நெருங்க உட்கார்ந்திருந்த டிரம்ப்பும் ஸெலென்ஸ்கியும்தான். பிரான்சிஸும் மூன்றடுக்குப் பெட்டி வழக்கத்தை முன்கூட்டியே மாற்றி, ஒரே மரப்பெட்டி போதும் என்று விதி எழுதி வைத்திருந்தார்.

டூட்டூவின் அடக்கத்தில் இந்தக் கைகுலுக்கல் சந்தைக்கு இடம் இல்லாமல் போனதற்குக் கொள்ளை நோயும் ஒரு காரணம். கோவிட் விதிப்படி 100 பேருக்கு மேல் உள்ளே வரக் கூடாது. ஆகவே அதற்கு முந்தைய இரண்டு நாள்களும் பெட்டியைப் பேராலயத்தில் வைத்திருந்தார்கள், ஊர் மக்கள் வரிசையில் வந்து பார்த்துப் போனார்கள். வாரம் முழுக்க நண்பகலில் பத்து நிமிடம் மணி அடித்தது. பிரசங்கம் செய்தவர் மன்னரோ அதிபரோ அல்ல, ஓய்வுபெற்ற நேட்டால் ஆயர் மைக்கேல் நட்டல். டூட்டூவுக்குத் துணையாக இருந்த வெள்ளைக்காரக் குரு. உடலை எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. நீரும் காரமும் சேர்த்து எஃகு உருளையில் சூடாக்கிக் கரைத்து, மிஞ்சும் எலும்பை உலர்த்திப் பொடியாக்கும் முறை. புகை குறைவு என்பதால் அதைத் தேர்ந்திருந்தார்கள். மறுநாள் காலை அந்த அஸ்தியைப் பேராயர் தாபோ மக்கோபா பேராலயத்தின் பெரிய பீடத்துக்கு முன்னால் தரைக்கடியில் வைத்தார்.

தலைவர்கள் கூடும் சாவின் மறுபக்கமும் லூயிஷாமுக்குத் தெரியும். டூட்டூ குரோவ் பார்க்கை விட்டுப் போன சில ஆண்டுகளில், 1981 ஜனவரி 18 அதிகாலையில், நியூ கிராஸ் சாலை வீடொன்றில் பிறந்தநாள் விருந்தின்போது தீப்பிடித்து 13 கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். அரண்மனையிலிருந்தும் பிரதமர் தாட்சரிடமிருந்தும் அனுதாபச் செய்தி வரவில்லை. அடுத்த மாதம் டப்ளினில் நடனக்கூடம் எரிந்து 48 பேர் இறந்தபோது உடனே வந்தது. மார்ச் 2 அன்று நியூ கிராஸிலிருந்து ஹைட் பார்க் வரை ஏறத்தாழ 20,000 பேர் நடந்தார்கள், பதின்மூவர் செத்தும் ஒரு வார்த்தை இல்லையே என்று கேட்டபடி. ஒரு சாவுக்குத் தலைவர் வருவதும் வராததும் அந்தத் தெருவாசிகளுக்குச் சம்பிரதாயமாகப் படவில்லை.

தமிழர்களுக்கும் டூட்டூவோடு ஒரு கணக்கு உண்டு, அது நன்றிக் கணக்கு. 2008 மே மாதம் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு இலங்கை மறுபடி போட்டியிட்டபோது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார். ஜிம்மி கார்ட்டரும் அதையே சொன்னார். இலங்கை தோற்றது. 2013இல் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு நடக்கவிருந்தபோது, புறக்கணிப்பும் ஒரு வழிதான் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். கனடாப் பிரதமர் ஹார்ப்பர் போகவில்லை, மன்மோகன் சிங்கும் போகவில்லை. வராமல் இருப்பதற்கு என்ன எடை உண்டு என்பதை அடக்கங்களில் பயின்ற மனிதர் சொன்ன யோசனை அது.

டூட்டூவின் கடைசி மகள் ம்போ 1963இல் இலண்டனில் பிறந்தவர், பள்ளி வயதில் குரோவ் பார்க்கில் வளர்ந்தவர், அப்பாவைப் போலவே குருப்பட்டம் பெற்றவர். ஒரு பெண்ணை மணந்ததால் தென்னாப்பிரிக்காவில் தம் ஊழிய உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தவர். தந்தையின் அடக்கத்தில் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லிப் பேசியதும் அவர்தான். ஒன்பது மாதம் கழித்து, 2022 செப்டம்பரில், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் அவருடைய ஞானத்தந்தை இறந்தார். டூட்டூ குடும்பத்தின் இலண்டன் நாள்களிலிருந்தே நண்பர். அவருடைய அடக்க ஆராதனையை நடத்தித் தர ம்போ வந்தார். ஒருபாலினத் திருமணத்தில் இருப்பவர் ஆலயத்துக்குள் நடத்தக் கூடாது என்று ஹெரிஃபோர்ட் மறைமாவட்டம் தடுத்தது. குடும்பத்தார் ஆலயத்துக்கு வெளியே கூடாரம் போட்டு, பெட்டியை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ம்போ அங்கே ஆராதனையை நடத்தினார்.